மணிக்கொரு கோடு

மருத்துவத்துக்குப் பதினொரு மதிப்பெண் குறைவு.
அப்பா மூன்று நாள் கடை திறக்கவில்லை.
எபியேரே பிறந்த அன்றே அவர் சூட்டிய பட்டம்
டாக்டர்.
யெனகோவாவில் பாதிப்பேர் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அக்கா பட்டியல் எழுதினாள்.
மருந்தியல். பல். கண். ஆய்வுக்கூடம்.
எல்லாம் ஆஸ்பத்திரி வாசலிலேயே
காத்து நிற்கிற படிப்புகள்.
அடித்த அடியில் காகிதம் கிழிந்தது.

அப்புறம் ஒரு மதியம், செத்த எலியைத் தேடி
அலமாரியை நகர்த்தினோம்.
பின்சுவரில் பென்சில் கோடுகள்.

வெள்ளம் வீட்டுக்குள் வந்த வருடம்
மேசைமேல் கட்டில் போட்டு
நாங்கள் அழுதுகொண்டிருக்க,
ஒன்பது வயதில் அவள்
மணிக்கொரு கோடு கிழித்திருக்கிறாள்.
இரவு இரண்டு மணிக்கும் ஒன்று.
நான்கு மணிக் கோடு
அதற்கு இரண்டு விரல் கீழே.
தண்ணீர் வடிவது அவளுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.
எங்களை ஏன் எழுப்பவில்லை என்றேன்.
"ஐந்து மணிக் கோடும் வரட்டும் என்றிருந்தேன்."

எலி அங்கேயே கிடந்தது.

இப்போது விண்ணப்பத்தில் நீரியல்.
அப்பா அந்தச் சொல்லை
மீன்முள் மாதிரி வாய்க்குள் புரட்டுகிறார்,
துப்பவும் இல்லை.

நேற்று பிரேயேயின் அம்மா வீங்கிய காலோடு வந்தாள்.
"டாக்டர், இதைக் கொஞ்சம் பார்."
அக்கா குனிந்து பார்த்தாள்.
"எனக்குத் தெரியாது. கிளினிக் போங்கள்."
அவள் எழுந்திருக்கவில்லை.
"சரி, கோழிகளை எப்போது மேட்டுக்கு ஏற்றுவது?"

எப்பி ஓடைப் பாலத்தின் தூணை
ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு
அக்கா சொன்னாள்:
"செவ்வாய்க்கு முன்னால்."