ஐந்துக்கு இரண்டரை

கார்க்கு பாதியில் முறிந்தது.
ஊத்துக்குளி ரோட்டுக் கம்பெனி, சாம்பிள் அறை,
மணி ஏழு, ஓவர்லாக் மெஷின்கள் ஓய்ந்திருந்தன.
பெர்னார் தன் மொழியில் ஏதோ திட்டினார்.
நூல் பிரிக்கும் ஊசியால் நான் குத்தி இழுக்க
மீதிக் கார்க்கு தூளாகி உள்ளே விழுந்தது.

இருபத்தாறு வருசம் படுத்தே கிடந்த புட்டி.
முதல் ஆர்டர் போட்ட வருசத்துத் திராட்சை,
கடைசி ஆர்டர் முடிகிற நாளுக்கென்று
சூட்கேசில் சட்டைகளுக்கு நடுவே சுருண்டு வந்தது.
"நீங்கள் தைத்த சட்டைகள்தான்" என்று
காலரைத் திருப்பி லேபிளைக் காட்டினார்.

தூளோடு குடிக்க முடியாது.
வெளுத்த சிங்கிள் ஜெர்சி, நூற்றறுபது ஜிஎஸ்எம்,
கைக்குட்டையளவு வெட்டி
டம்ளர் வாயில் இழுத்துப் பிடித்தேன்.
பெர்னார் சொட்டுச் சொட்டாக வடித்தார்,
கைக்குழந்தைக்கு மருந்து புகட்டுகிறவர் போல.

டையிங் மாஸ்டர் சென்னியப்பன் டம்ளரைத் தொடவில்லை.
துணியைத்தான் முதலில் எடுத்தார்.
லைட் பாக்ஸில் விரித்துப் பகல் வெளிச்சம் போட்டார்,
பிறகு கடை வெளிச்சம், பிறகு மஞ்சள் பல்பு.
"மூணு வெளிச்சத்துக்கும் மூணு நெறம் காட்டுதுங்க.
நடுவுல மெரூன். ஓரத்துல செங்கல்.
இந்த ஓரம் சாயத்துல வராதுங்க,
வயசானாத்தான் வரும்."
நான் மொழிபெயர்த்தேன்.
பெர்னார் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார்.

முதலில் மூக்கு, அப்புறம்தான் நாக்கு என்றார்.
தோல், தேவதாரு, காளான் என்று அடுக்கினார்.
எனக்குத் தேவதாரு தெரியாது.
எனக்கு வந்தது பாடம் போட்ட புகையிலை,
முதல் மழைக்கு நனைந்த சாக்கு,
கொஞ்சம் பொறுத்தால், அடியில் எங்கோ,
கொப்பரையில் ஒட்டிக்கொண்ட வெல்லப்பாகு.

சென்னியப்பன் ஒரு வாய் வைத்தார்.
டாஸ்மாக் பக்கமே போகாத மனிதர்;
சாயத் தண்ணீரை விரல்நுனியில் தொட்டு
உப்புப் பார்த்தே காலம் தள்ளிய நாக்கு.
கன்னத்தில் ஒதுக்கி, கண்ணை மூடி, நேரமெடுத்தார்.
"புளிப்பு முன்னால ஓடுதுங்க.
பொறவு நவாப்பழக் கொட்டையக் கடிச்ச தொவர்ப்பு.
முழுங்குனதுக்கப்புறமும் போகமாட்டேங்குது பாருங்க,
போய்ட்டு வர்றேன்னு சொன்ன ஒறம்பரை
வாசல்லயே நின்னு பேசற மாதிரி."

இதற்கு எனக்கு நாலு வாக்கியம் ஆனது.
பெர்னார் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.
"அந்த வருசம் எங்கள் ஊரில் ஆகஸ்ட் முழுக்க மழை.
எல்லாரும் கைகழுவிவிட்டார்கள்.
செப்டம்பர் வெயில் வந்து காப்பாற்றியது.
புட்டிக்குள் இருப்பது அந்த வருசம்தான்."

சென்னியப்பன் துணியை இன்னும் கீழே வைக்கவில்லை.
"அந்த வருசம் உங்க ஆர்டர் மெரூனுங்க.
நாப்பதாயிரம் பீஸு.
கழுவுன தண்ணி வாய்க்கால்ல எறங்கி
நொய்யல்ல சேந்து ஒரத்துப்பாளையம் போச்சு.
அணைக்குள்ள ஊறிக்கிட்டுக் கெடந்துச்சு.
எங்க வருசமும் அங்க இருந்துச்சுங்க.
அத மோந்து பாக்க ஆரும் வர்ல."

முதல் வரியை மட்டும் மொழிபெயர்த்தேன்.
"ஆமாம், மெரூன்!" என்றார் பெர்னார்,
ஞாபகம் வந்த சந்தோசத்தில் மூன்று டம்ளரையும் தட்டி.
சென்னியப்பன் மிச்சத்தையும் குடித்தார்.
"நல்லாத்தானுங்க இருக்குது" என்றார் என் பக்கம் திரும்பி,
களவை ஒப்புக்கொள்கிறவர் போல.

மறுநாள் அந்தத் துணியை
அறுபது டிகிரியில் அரைமணி நேரம் துவைத்தேன்.
நடுவிலிருந்த மெரூன் போய்விட்டது, செங்கல் ஓரம் நின்றது.
கிரே ஸ்கேலில் ஐந்துக்கு இரண்டரை.
ஆர்டராக இருந்தால் ரிஜெக்ட்.
ஷேட் கார்டு ஃபைலில் ஒட்டினேன்.
பையர் பெயர் எழுதினேன், தேதி எழுதினேன்.
நிறத்தின் பெயருக்கான கட்டத்தில்
பேனாவை வைத்து வைத்து எடுத்ததில்
நாலைந்து புள்ளிகள்.