இரண்டு துளைகள்

கண் இமைக்கும் நேரத்தில்
கால் பங்குதான் கிடைக்கும்.
அதற்குள் விரிந்து நிறைந்து
உடனே தளரவும் வேண்டும்.

தளராத பை சுவர், என்பாள் குன்வோர்.
நைலானின் முதுகில் இரண்டு துளைகள்;
அதற்கே ஓராண்டு போயிற்று எங்களுக்கு.

கோத்தன்பர்க். ஜனவரி. நாற்பத்தேழாவது மோதல்.
பொம்மை முகத்தில் பூசிய நீலச் சாயம்
பையில் ஒட்டியிருக்கிறது:
நெற்றி, மூக்கு, கொஞ்சம் உதடு.
குனிந்து அளக்கிறாள்.
‘துளை இன்னும் இரண்டு மில்லிமீட்டர்.’

ஐந்து மணிக்கே இருட்டு. வாகன நிறுத்தத்தில் பனி.
அவள் குள்ளம். பெடல் எட்ட
ஸ்டியரிங்கை நெஞ்சோடு ஒட்டித்தான் உட்காருவாள்.

சாவியைத் திருகுமுன்
கையுறையைக் கழற்றி
ஸ்டியரிங்கின் நடு மூடியை
மெல்லத் தட்டிக்கொடுக்கிறாள்:
தூங்கு.
எழுந்துவிடாதே.