கோட்டு அறை, ராட்டர்டாம்

சுவருக்கு அந்தப்பக்கம் யார் ஆடுகிறார்கள் என்று
வீட்ஸ்கே எட்டிப் பார்த்ததில்லை.
இருபத்தாறு வருடமாகக்
கோட்டு வாங்கி மாட்டுகிறாள்.

டிரான்ஸ் காலத்தில்
வெள்ளிநிற ஜாக்கெட்டுகள்.
தாளம் சட்டென்று நின்று
ஒற்றைச் சுரம் மேலே மேலே ஏற,
காலி ஹாங்கர்களும் மூச்சடக்கும்.

பிறகு டெக்னோ. எல்லாமே கறுப்பு,
எது யாருடையதென்று டோக்கனுக்கே குழப்பம்.
டப்ஸ்டெப் வந்த குளிர்காலம் முழுக்க
அடைத்த கடைவாய்ப்பல் வலித்தது.
அப்புறம்
பாதி ஆணிகள் சும்மா கிடந்தன.

இன்று ஒருத்தி,
இருபதுகூட இருக்காது,
வெள்ளிநிறத்தைக் கழற்றி நீட்டுகிறாள்:
பழைய துணிக்கடையில் நாலு யூரோ.

உள்ளே அதே சுரம் ஏறுகிறது,
ஏதோ ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில்.
ஹாங்கர்களுக்கு மூச்சடக்க நேரமில்லை.

"டோக்கனைத் தொலைச்சிடாதே."
கதவு திறந்து மூடுகிறது.
அவள் காதில் விழவில்லை.