மூன்று பிரதி

வெல்லம்பிட்டியில் கங்கை ஏறிவந்த இரவு
மெஷினைத் தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது.
நானும் தம்பியும் மட்டும்.
கடதாசிக் கட்டுகளை மேல்தட்டில் அடுக்கிவிட்டு ஓடினோம்.
தண்ணீர் மேல்தட்டையும் கேட்டது.

ஆறாம் நாள் கதவு திறந்தேன்.
தேத்தண்ணியில் போட்ட பாண் மாதிரி
ஏ-ஃபோர் ஊதிக் கிடந்தது.
டோனர் மிதந்து போய்
சுவரில் என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு.
கிராம சேவகர் தூர நின்றே எழுதினார்: நாலடி.

நட்டஈட்டுப் படிவம் எட்டுப் பக்கம்,
மூன்று பிரதி.
சாமான் வாங்கிய பில் எங்கே என்றார்.
கங்கையிடம் கேளுங்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது.
பாவம், அவருடைய சப்பாத்திலும் சேறு.

பழக்கதோஷத்தில் ஒழுங்கையே என் கடைக்கு வந்தது.
கோழிக்கடை முஸம்மில், டயர் ஒட்டும் செல்வச்சந்திரன்,
தையல் இந்திராணி மிஸ்.
"நிஸ்ரீனா ராத்தா, மூணு கொப்பி" என்று தொடங்கி
மெஷினைப் பார்த்தார்கள்.
பிறகு என்னைப் பார்க்கவில்லை.

தெமட்டகொடைக்கு பஸ் ஏறினேன்.
பத்து ரூபாய்ப் பக்கம் அங்கே இருபது.
கியூ ரோட்டு வரைக்கும்.
வேறொருத்தன் கண்ணாடிக்கடியில் ஓடும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே
மனக்கணக்குப் போட்டேன்:
என்னோடு நாற்பது கடை, எட்டுப் பக்கம், மூன்று பிரதி.
தொள்ளாயிரத்து அறுபது.
அடிக்காமலே திரும்பினேன்.

டாம் வீதியில் பைரூஸ் ஹாஜியாருக்கு
இரண்டு தவணை பாக்கி.
தவணை தள்ளிக் கேட்கப் போனவள்
அந்த எண்ணைச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார்.
"பழசு ஒண்டு கிடக்கு.
ஓடுற பக்கத்துக்கு மூணு ரூவா தா, ஓடாட்டி ஒண்டும் வேணாம்.
இது தர்மமில்ல மகள்,
நீ கடை திறக்காட்டி என்ட காசு எங்கால வரும்?"

அன்று பின்னேரம் த்ரீவீலில் கயிறு கட்டி வந்தது.
எண்ணியில் 418207.
உருளையில் ஒரு கீறல்.
அடித்த பக்கமெல்லாம் ஒரே உயரத்தில்
மெல்லிய கறுப்புக் கோடு.
செயலகத்தில் யாரும் திருப்பி அனுப்பவில்லை.
எந்த ஒழுங்கை என்று
கோட்டைப் பார்த்தே சொன்னார்களாம்.

நட்டஈடு இன்னும் வரவில்லை.
முஸம்மில் பாதிக் காசும் அரைக் கோழியும் தந்தார்.
மற்றவர்கள் பெயர் புதுக் கொப்பியில்,
இம்முறை பொலித்தீன் உறைக்குள்.

இரவு ஷட்டரை இழுக்கும்போது எண்ணியைப் பார்த்தேன்.
419169.
இரண்டு கூடுதல்.
அது என் கதவுக்கு:
கடை திறந்திருக்கிறது,
சிங்களத்தில் ஒன்று, தமிழில் ஒன்று,
இரண்டிலும் கோடு.