பதினோரு மீட்டரில் மட்டிப்பழம்

முட்டத்துக்கு மேற்கே, சூசைநாயகத்தின் வள்ளத்தில்
டீசல் புகை எங்கள் பக்கமே திரும்பிக்கொண்டிருந்தது.
படிக்க வந்தவர்கள் ஐந்து பேர்.
அபினேஷ் குனிந்து ஷூ மாதிரி அந்தத் துடுப்புகளை
மாட்டிக்கொண்டிருந்தவன்
அப்படியே சர்த்தித்தான்.
நான் சிரித்தேன். அதை ஒளிக்க விரும்பவில்லை.

தக்கலையில் பதினாறு வருடமாக மருந்துக்கடை எனக்கு.
பேச்சிப்பாறை வளைவுக்கு, வேளாங்கண்ணி பஸ்ஸுக்கு,
நாள் தள்ளிப்போனதை இன்னும் வெளியில் சொல்லாதவளுக்கு,
நேற்று ராத்திரிக் கல்யாண விருந்துக்கு என்று
ஓமட்டலை வகைபிரித்து
அட்டையிலிருந்து இரண்டிரண்டாய்க் கத்தரித்துக் கொடுப்பவள்.
எனக்கென்று எடுத்து வைத்த மாத்திரை
கல்லாப்பெட்டி மேலேயே இருக்கிறது.

ஜெனிஷ் கண்ணாடிக்குள் எச்சில் துப்பித் தேய்த்தபடி கேட்டான்,
காலம்பற என்ன தின்னிய அக்கா?
புட்டும் மட்டிப்பழமும்.
எத்தன பழம்?
நாலு, என்றேன்.

அசையாத ஒண்ணையே பாத்துக்கிடுங்க, என்றான்.
கலங்கரை விளக்கத்தைப் பார்த்தேன்.
அது ஏறியது. இறங்கியது.
தண்ணிக்குள்ள போனா சரியாவும், என்றார் சூசைநாயகம்,
மேல கெடந்து ஆடுகதுதான் கெடுதி.

ஐந்து மீட்டர் வரைக்கும் அது உண்மை.

உடுப்பு யாரோ ஒரு ஒல்லிக்குத் தைத்தது,
கழுத்தில் கை வைத்திருப்பவரைப் போல் கூடவே வந்தது.
வாயில் ரப்பர். பல் டாக்டரின் விரல் ருசி.
குதிக்கும்போது ஒரு மிடறு கடல் உள்ளே போயிருந்தது.
மூச்சை மாசக்கடைசிச் சம்பளம்போலச் சிக்கனம் பிடித்தேன்,
விட வேண்டியதையும் விடாமல்.
அது தப்பு என்று பாடத்தில் உண்டு,
நெஞ்சு பாடம் படிப்பதில்லை.

பதினோராவது மீட்டரில்
இடது காது டப்பென்று திறந்தது.
வலது காது திறக்கவில்லை.

பார் சுவராக எழுந்து நின்றது.
என் குமிழிகள் பக்கவாட்டில் ஓடின.

காதுக்குள் மூன்று வளையங்கள், கொஞ்சம் நீர்.
பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வி.
மேல் இது, கீழ் இது என்று
பிறந்த நாளிலிருந்து எனக்குச் சொல்லிவந்த
அந்தச் சிறு நீர்
இந்தப் பெரு நீரிடம் எதையோ கேட்டுவிட்டு
வாயடைத்துப் போயிற்று.

உள்ளங்கையை ஆட்டிக் காட்டினேன். பிறகு வயிறு.
நீந்தி வந்தவன்
என் வாய்க்கருவியை விரல்களால் அழுத்திப் பிடித்தான்.
கழற்றாதே. அதற்குள்ளேயே.

கரையில் யாராவது வாந்தியெடுத்தால்
முதுகைத் தடவுவோம், முகத்தைத் திருப்பிக்கொள்வோம்.
இவன் திரும்பவில்லை.
ஒவ்வொரு குமட்டலுக்கும் நடுவில்
ஒரு மூச்சை உள்ளே வாங்கவைத்து
கண்ணுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.
என் கல்யாணத்தில்கூட
ஒருவரும் அவ்வளவு நேரம் என்னைப் பார்த்ததில்லை.

பிறகு மீன்கள் வந்தன.
மஞ்சள் வரியுள்ள சின்ன மீன்கள், நூறோ இருநூறோ,
பந்திக்கு இடம் பிடிக்கிற அவசரத்தில்.
மட்டிப்பழத்தை அவை முதல்முறை கண்டிருக்க வேண்டும்.
நாலு அல்ல, ஆறு என்று
அவைகளுக்குத் தெரிந்திருக்கும்.

வள்ளத்தில் ஏறியதும் ஜெனிஷ்
நனைந்த நோட்டைப் பிரித்தான்.
காரணம்னு ஒரு கட்டம் உண்டு அக்கா. என்னத்த எழுத?
புகை என்றேன். பழம். உப்புத்தண்ணீர். வலது காது.
அபினேஷ் மெதுவாகச் சொன்னான்: பயம்.
கட்டம் சின்னது. அவன் கோடு போட்டு விட்டுவிட்டான்.

பிளாஸ்கில் கட்டன் சாயா ஊற்றிக்கொண்டே
சூசைநாயகம் யாரையும் பார்க்காமல் சொன்னார்,
எனக்கும் உண்டு. முப்பது வருசமா,
ஆனி மாசக் கடல்ல.
எஞ்சின் சத்தத்துல ஒருத்தனுக்கும் கேக்காது.

திங்கட்கிழமை கடை திறந்ததும் ஒருவர் வந்தார்.
ஓமட்டலுக்கு ஒரு குளிகை தாருங்க.
கத்தரிக்கோலைக் கையில் எடுத்தேன்.
எந்தக் காது, என்று கேட்டுவிட்டேன்.