புள்ளி வழுக்கிய இடம்

குர்லா பணிமனையில் மூன்று மழைக்காலம்
லோக்கல் வண்டிச் சக்கரமும் தண்டவாளமும்
சுண்டுவிரல் நக அகலத்தில்
தொட்டுக்கொள்ளும் இடத்தை அளந்தேன்.
கொட்டும் மழை கழுவிவிட்டுப் போய்விடும்.
துருவோடு குழையும் முதல் தூறல்தான்
வழுக்கவிடும்.
இவ்வளவுதான் கட்டுரை. எண்களில் பிழையில்லை.

பிழை தலைப்புக்குக் கீழே இருந்தது.
ப. நறுமுகை என்று அனுப்பியதில்
புள்ளி வழுக்கி
பச்சையப்பன், ந. என்று அச்சாகிவிட்டது.

சைக்கிளில் இட்லி விற்றுவிட்டு
சயான் கோலிவாடா திரும்பிய அப்பாவிடம் காட்டினேன்.
"செங்டுவில ஒருத்தர் எழுதியிருக்கார்ப்பா,
பச்சையப்பன் நிறுவியதுபோலன்னு."
"நான் என்னத்த நிறுவுனேன்?"
தேய்ந்த பிரேக் கட்டையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

திருத்தம் கோரும் படிவத்தில்
குடும்பப்பெயர் கட்டாயம் என்றது சிவப்பு நட்சத்திரம்.
இல்லை என்று எழுதினேன். ஏற்கவில்லை.
கோடு போட்டேன். அதையும் ஏற்கவில்லை.
சாதிப்பெயர் போடலாமே என்றார் உடன் எழுதிய குல்கர்னி,
நல்ல மனிதர்தான்.
கடைசியில் நறுமுகை, நறுமுகை என்று
இரண்டு பெட்டியிலும் என்னையே நிரப்பினேன்.

பதினான்கு மாதம் கழித்து
ஒற்றை வரியில் வருந்தினார்கள்.
இப்போது தேடினால் இரண்டு பேர் வருகிறோம்:
பச்சையப்பனுக்கு மேற்கோள் பதினொன்று.
எனக்குச் சுழி.

அப்பா கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்.
"பதினொண்ணையும் உம் பேருக்கு மாத்தணும்னா
நான் எங்க கையெழுத்துப் போடணும்?"

தூறத் தொடங்கியிருந்தது.
பிரேக் கட்டையை மாத்தியாச்சா என்று
மூன்றாம் முறையாகக் கேட்டேன்.