தேடியதேட்டம்

விவாகரத்து சுலபமாகத்தான் கிடைத்தது.
இரண்டு கையெழுத்து, ஒரு முத்திரை,
வெளியே வந்து ஆளுக்கொரு செவ்விளநீர்.
காசு அவர் கொடுத்தார்.
அதற்குப் பிறகு இது பதினோராவது தவணை.
புதுக்கடை நீதிமன்ற வாங்கில்
கோப்பை மடியில் வைத்துக்கொண்டு
என் பெயரைப் பிழையாகக் கூப்பிடும்வரை இருக்கிறேன்.

வெள்ளவத்தை வீட்டுக்கு இரண்டு விலை.
நாங்கள் அறை மாறின மாதத்து விலை அவருடையது.
பிறகு ரூபா விழுந்தது, சீமெந்து ஏறியது,
இன்றைய விலை என்னுடையது.
இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற
ஒரு கோடியே எண்பது இலட்சத்தில்
இப்போது யார் குடியிருக்கிறார்கள் என்று
நீதிபதி கேட்டார்.
ஒருவரும் சிரிக்கவில்லை.

'தேடியதேட்டம்' என்றார் என் சட்டத்தரணி.
சிங்களத்துக்கு மாற்றப் போன முதலியார்
பாதியில் நின்றுவிட்டார்.
தேடியது, பிறகு தேட்டம்.
ஏன் இரண்டு தரம் என்று அவருக்கு விளங்கவில்லை.
எனக்கும்தான், பதினாறு வருஷமாய்.
தேடினது நான், தேட்டம் அவருக்கு
என்று சொல்ல வாய் உன்னியது.
விழுங்கினேன். அது உண்மையில்லை.
வங்கிக் கடன் அவர் கட்டினது.
அரிசியிலிருந்து ஆஸ்பத்திரி வரை நான்.
கடனுக்குப் பற்றுச்சீட்டு இருக்கிறது.
அரிசிக்கு?

தாலிக்கொடி பதினைந்து பவுண்.
அடகு மீட்டது யாருடைய காசில் என்று
ஒன்றரை மணித்தியாலம்.
சீதனக் காணியை ஒருவரும் தொடவில்லை.
அதை விற்றுத்தான் வீட்டுக்கு முற்பணம்,
தொட்டால் இரண்டு பக்கமும் சுடும்.

அட்டவணை ஈ, இருபத்து மூன்றாம் உருப்படி:
எரிவாயு சிலிண்டர், பன்னிரண்டரைக் கிலோ, ஒன்று.
அவர் எழுதிக் கொடுத்தது.
வாசித்ததும் சிரிப்பு வந்தது.
பிறகு வரவில்லை.

அந்த வருஷம் காலி வீதி ஓரம்
சிலிண்டர்களைச் சங்கிலியில் கோர்த்துப் பூட்டிவிட்டு
சனம் படுத்துக் கிடந்தது.
அவர் மூன்று இரவு, நான் மூன்று பகல்.
விடிய ஐந்தரைக்கு ஆள் மாறும்போது
பிளாஸ்க் கைமாறும். கதை இல்லை.
வீட்டில் அப்போதே வேறு வேறு அறை.
என்றாலும் இரண்டு உள்ளங்கையிலும்
நீலப் பேனையால் ஒரே இலக்கம்:
நூற்றி நாற்பத்தேழு.

'சிலிண்டரை விட்டிடுங்கோ மிஸ்,
மற்றதெல்லாம் தானா இளகும்'
என்றார் அவருடைய சட்டத்தரணி நிஜாம்தீன்.
அதைத் தவிர என்னத்தையும் கேட்கச் சொல்லுங்கோ, என்றேன்.
அங்கேயும் இதே பதில்தானாம்.
நிஜாம்தீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அடுத்த தவணை ஐப்பசி ஒன்பது.

நூறாம் இலக்க பஸ்ஸில் நின்றபடியே
தண்ணீர் பில் கட்டினேன்.
கட்டளைப்படி பாதிப் பாதி.
'உங்கட பங்கு இரண்டாயிரத்து நூற்றி முப்பது'
என்று பம்பலப்பிட்டியில் அனுப்ப,
வெள்ளவத்தைச் சந்தை வருமுன் காசு விழுந்தது.
இருபது ரூபா கூட.
மறதியோ, சில்லறை பார்க்காத பெருந்தன்மையோ,
என்னைச் சீண்டவோ, தெரியாது.

அதைத் திருப்பி அனுப்ப
வங்கி இருபத்தைந்து ரூபா எடுக்கும்.

அனுப்பினேன்.